இலவசம் என்னும் சொல்

கொழும்பின் வட முனையிலுள்ள மட்டக்குளியிலிருந்து, பொழுது புலருமுன் புறப்படும் பேருந்தொன்றில் முதியவள் ஒருத்தி ஏறுகின்றாள். அவளது துணிப்பையில் மூன்று பொருள்கள் உள்ளன: பொலித்தீன் உறையிற் பொதிந்த கிளினிக் கொப்பி, ஒரு தண்ணீர்ப் போத்தல், முதல்நாள் மாலை வாங்கிய பணிஸ் ஒன்று. அவள் சீனி வருத்தக்காரி. இரத்தம் எடுக்கும்வரை எதுவும் உண்ணலாகாது என்பதால் அப் பணிஸ் பத்து மணிவரை பையிலேயே கிடக்கும். மாதந்தோறும் இவ்வாறே நிகழ்கின்றது. நகரத்து அரச வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் மண்டபத்தை அவள் அடையும்போது, அவளுக்கு முன்னரே ஐம்பது அறுபது பேர் வாங்குகளில் அமர்ந்திருப்பர்.

ஒருநாள் மருந்து கொடுக்கும் இடத்தில் நெடுநேரம் நின்ற ஒருவர் பொறுமையிழந்து சற்று உரத்துப் பேசினார். கம்பிக்கு அப்பாலிருந்து விடை வந்தது: "சும்மா தாற மருந்துதானே, கொஞ்சம் பொறுங்க." அவ்வாறு கூறியவர் கொடியவரல்லர், காலை முதல் நின்றவாறே மாத்திரை எண்ணிக் களைத்தவர். ஆயினும் அச் சொல் வரிசை முழுவதையும் அடக்கிற்று. உரத்துப் பேசியவர் தலை குனிந்தார். பின்னால் நின்ற முதியவளும், தான் எதுவும் பேசாதிருந்தும், ஏதோ பிழை செய்தவள்போற் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பேச்சு வழக்கில் 'சும்மா' என்பதே ஏட்டு வழக்கில் 'இலவசம்' ஆகின்றது. இலவச மருத்துவம், இலவசக் கல்வி என்னும் இரு தொடர்களும் இலங்கையின் பொது வாழ்வில் அடிக்கடி ஒலிப்பவை. மேடைகளில் அவை பெருமையுடன் கூறப்படுகின்றன. வரிசைகளிலோ சில வேளைகளில் வாயடைக்கப் பயன்படுகின்றன. ஒரே சொல் ஈரிடத்தும் இவ்வாறு வேறுபட ஒலிப்பதேன்? அம் மண்டபத்தில் அமர்ந்திருப்போர் உண்மையில் எதனையும் கொடாமலா பெறுகின்றனர்?

இவ்வினாவிற்கு விடை காண முன்னர், அம் மண்டபம் எதன் பகுதி என்பதை நோக்குதல் வேண்டும். நகரத்தார் 'பெரியாஸ்பத்திரி' என வழங்கும் கொழும்புப் பொது வைத்தியசாலை 1864 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1870 ஆம் ஆண்டு கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1879 ஆம் ஆண்டு சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் செல்வந்தரின் கொடையால் மகப்பேற்று இல்லமொன்று திறக்கப்பட்டது. 1895 ஆம் ஆண்டில் லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா மகாராணியின் நினைவாகக் கண் வைத்தியசாலை எழுந்தது. நடந்து செல்லக்கூடிய தூரத்தினுள்ளே இவை யாவும் அமைந்தமையால், கின்சி வீதியையும் வார்ட் பிளேசையும் சூழ்ந்த பகுதி வைத்தியசாலைகளாலான ஒரு சிறு நகரமாயிற்று. கின்சி என்பதே அக் காலத்துத் தலைமை மருத்துவ அதிகாரி ஒருவரின் பெயராகும்.

நகரம் பெருகப் பெருக இவ்வலையும் விரிந்தது. காசல் வீதியிலே மகளிர் வைத்தியசாலை தோன்றியது. மகரகமையிற் புற்றுநோய்க்கும், அங்கொடையில் உள நோய்க்கும் தொற்று நோய்க்கும், வெலிசறையிற் சுவாச நோய்க்கும் தனித்தனி நிலையங்கள் அமைந்தன. தெற்கே களுபோவிலையும் வடக்கே றாகமையும் போதனா வைத்தியசாலைகளாயின. இவற்றுக்குக் கீழே மாநகர சபையின் இலவச மருந்தகங்களும் தாய்சேய் நிலையங்களும் குடியிருப்புகளின் நடுவே இயங்குகின்றன. இன்று தேசிய வைத்தியசாலை என்னும் பெயர் தாங்கிய பெரியாஸ்பத்திரியில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. கொழும்பு மக்களுக்கென்றே இவ்வலை ஏற்பட்டதெனினும், மன்னாரிலிருந்தும் அட்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இறுதி நம்பிக்கையாக இங்கு வந்து சேருவோர் பலர். எந்த அரச வைத்தியசாலைக்கும் எவரும் கடிதமின்றிச் செல்லலாம் என்பது இந்நாட்டு வழக்கம். அதன் சிறப்பும் அதுவே, அதன் நெரிசலுக்குக் காரணமும் அதுவே.

இவ்வலையமைப்பும், கிராமந்தோறும் நடமாடும் மருத்துவ மாதரின் பணியும் சேர்ந்து விளைத்த பயனை ஒரு கணக்குக் காட்டும். 1930 ஆம் ஆண்டையடுத்த காலத்திலே, உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுக்கும் ஏறத்தாழ இருபது தாய்மார் மகப்பேற்றின்போது மாண்டனர். அண்மைக் காலத்தில் இவ்விறப்பு ஓர் இலட்சத்துக்கு முப்பது நாற்பது என்னும் அளவிலே நிற்கின்றது. மலேரியா முற்றாக ஒழிந்த நாடு என இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டு அறிவித்தது. செல்வம் மிகுந்த நாடுகள் பல வியந்து நோக்கும் இப் பயனைத் தேசிய வருமானத்தின் மிகச் சிறிய பங்கைச் செலவிட்டே இந்நாடு எய்தியது.

இனி, இம் மருத்துவம் எவ்வாறு இலவசமாயிற்று என்பது நோக்கத்தக்கது. அது எவரேனும் ஒருவரின் இரக்கத்தாற் பிறந்ததன்று. 1931 ஆம் ஆண்டு இந்நாட்டு மக்களுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் வறட்சியைத் தொடர்ந்து மலேரியாக் கொள்ளைநோய் பரவி ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. வாக்குக் கேட்டுச் சென்றவர்கள் மக்களிடம் முதலிற் கேட்ட கோரிக்கை வைத்தியசாலையும் பாடசாலையுமே. அதனால் அரசாங்க சபைக் காலத்திலே ஊர்தோறும் மருந்தகங்கள் எழுந்தன. 1951 ஆம் ஆண்டு அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 1971 ஆம் ஆண்டு வெளிநோயாளரிடம் மிகச் சிறிய கட்டணமொன்று மீண்டும் அறவிடப்பட்டபோது மக்கள் அதனை விரும்பவில்லை. சில ஆண்டுகளின் பின் அதுவும் அகன்றது. ஆகவே, இம் மருத்துவம் வாக்குச் சீட்டினாற் பெற்ற உரிமை. பல்லாயிரவர் உயிரை விலையாகக் கொடுத்தபின் வந்த உரிமை.

அவ்வுரிமைக்கு இன்றும் பணம் செலுத்தப்பட்டே வருகின்றது. இந்நாட்டு அரசிறையின் பெரும்பகுதி மறைமுக வரிகளால் வருவது. சீனி, பருப்பு, மண்ணெண்ணெய், சவர்க்காரம் என்பவற்றை வாங்குவோர் அனைவரும் விலையோடு வரியையும் செலுத்துகின்றனர். மட்டக்குளி முதியவள் வருமான வரிப் படிவத்தை ஒருநாளும் கண்டறியாள். ஆயினும் அவள் ஐம்பது ஆண்டுகளாக வரி செலுத்தியவள். பிறர் வீடுகளிற் சமைத்தும் துணி துவைத்தும் ஈட்டிய கூலியின் ஒரு பங்கு, கடைக்காரனின் மேசை வழியாகத் திறைசேரிக்குச் சென்றது. அவளுக்குத் தரப்படும் மாத்திரையில் அவளது பணமும் இருக்கின்றது. அதனை அவளிடம் எவரும் கூறியதில்லை.

பணத்தினும் கனமானதாக அவள் செலுத்துவது காலம். செல்வர் மருத்துவத்துக்குப் பணம் கொடுக்கின்றனர். வறியவர் நாளைக் கொடுக்கின்றனர். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர், சந்தையில் மரக்கறி விற்பவர், தையல் இயந்திரத்தின் முன் அமர்பவர் ஆகியோருக்குக் கிளினிக் நாள் என்பது கூலியில்லா நாள். நோயாளியால் தனியே வரவியலாதெனின் உடன் வருபவரின் கூலியும் சேர்ந்து இல்லாமற் போகும். காலை ஐந்து மணிமுதற் பிற்பகல் ஒரு மணிவரை வாங்கிலே கழியும் நேரத்தை எந்தக் கணக்காளரும் செலவு எனப் பதிவதில்லை. பதிவின், 'இலவசம்' என்னும் சொல்லை அக் கணக்கேட்டில் எழுத எவரும் துணியார்.

மூன்றாவதாக அவள் கொடுப்பது பல்கலைக்கழகத்தோடு நேரே தொடர்புடையது. 1870 ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டு மருத்துவ மாணவர்கள் வறியவரின் படுக்கையோரத்தில் நின்றே மருத்துவம் கற்று வந்துள்ளனர். நூலில் உள்ள நுரையீரல் பேசாது. இருமலின் ஓசையையும் இதயத்தின் முறைபிறழ்ந்த துடிப்பையும் ஈரலின் விளிம்பையும் உயிருள்ள உடலிலேதான் அறிதல் கூடும். அவ்வுடலைத் தந்தவர் எவர்? தனியார் மருத்துவமனையிற் கதவடைத்த அறையில் இருப்பவரல்லர். பொது விடுதியிலே, ஐந்தாறு மாணவர் சூழ்ந்து நிற்க, சட்டையை உயர்த்தி மூச்சை இழுத்து விட்டவரே.

அம் முதியவளின் பாதத்தில் ஒருமுறை புண் கண்டது. விடுதியிலே அவளைச் சில நாள் வைத்திருந்தனர். அப்போது இளம் மாணவனொருவன் அவள் காலடியில் அமர்ந்து உள்ளங்காலைப் பஞ்சினால் தொட்டும் குச்சியாற் குத்தியும் உணர்ச்சி உண்டோ என்று வினவினான். அவன் முகத்தில் அச்சமிருந்தது. பேராசிரியர் அருகே நின்றார். அவன் தடுமாறி மீண்டும் மீண்டும் ஒரே இடத்தைத் தொட்டான். வெளியே வியர்வை துடைத்துக்கொண்டு பின்னர் தனியே வந்து, "நோகுதா அம்மா? மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றான். அவள் கூறினாள்: "பரவால்ல மகன். வடிவாப் பாத்துப் படிங்க. நாளைக்கு யாருக்காவது உதவும்." அன்று அவ்விடத்தில் ஆசிரியர் இருவர் இருந்தனர். ஒருவருக்குப் பட்டமும் சம்பளமும் இருந்தன. மற்றவருக்குப் படுக்கை இலக்கம் மட்டுமே இருந்தது.

நான்காவது கொடை மொழியோடு தொடர்புடையது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரச மொழியாக்கியது. 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. ஆயினும் சட்டத்தில் உள்ள மொழி விடுதியின் வாயிலைத் தாண்டப் பல்லாண்டுகள் செல்கின்றன. நோய் கூறுதல் நுண்ணிய செயல். 'குத்துகிறது', 'கடுக்கிறது', 'உளைகிறது', 'எரிகிறது', 'விறைக்கிறது' என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் வேறுவேறு நோவைச் சுட்டுவன. 'வலி' என்னும் ஒரே சொல்லாக இவை சுருங்கிவிடின் மருத்துவருக்கு வழிகாட்டும் பாதையும் சுருங்கிவிடும். தமிழ் மட்டுமே தெரிந்த மலையகத்துத் தொழிலாளி ஒருவர் கொழும்பு விடுதியிற் படுத்திருக்கையில், அவரது நோவைச் சிங்களத்தில் எடுத்துரைப்பவர் பெரும்பாலும் அடுத்த படுக்கையில் இருக்கும் நோயாளியே. கொட்டாஞ்சேனைத் தமிழரோ மருதானை முஸ்லிமோ இரு மொழியும் அறிந்த சிங்களவரோ அப் பணியைச் செய்வர். சேலைன் குழாய் கையில் இருக்க, பாதி எழுந்து அமர்ந்து, இன்னொருவரின் வயிற்று நோவைப் பெயர்த்துக் கூறுவர். அதற்குச் சம்பளமில்லை, பதவிப் பெயரில்லை.

தமிழ்ச் சங்கத்தாருக்கு இங்கு நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. கொழும்பில் மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்குமுன்னரே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிசன் வைத்தியர் தமிழில் மருத்துவம் போதிக்கத் தலைப்பட்டார். 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அவர் தமிழைக் கற்று, உடற்கூற்று நூல்களையும் மருத்துவ நூல்களையும் தம் மாணவரின் துணையுடன் தமிழாக்கினார். 1864 ஆம் ஆண்டளவிலிருந்து தமிழ்மொழி மூலமே வகுப்புகளை நடத்தினார். ஊரிலேயே தங்கி ஊர் மக்களின் மொழியில் நோய் கேட்கும் மருத்துவரை உருவாக்குதலே அவர் நோக்கம். அவருக்குப் பின் அம் முயற்சி நீடிக்கவில்லை. கலைச்சொல்லாக்கத்தைப் பற்றி ஆண்டுதோறும் கருத்தரங்கு கூட்டுவோர், அடுத்த படுக்கை நோயாளி செய்துவரும் மொழிபெயர்ப்பையும் தமிழ்ப் பணி எனக் கருதுதல் தகும்.

ஐந்தாவது கொடை இரத்தம். 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலும் வேறு தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொழும்பிற் காயமுற்றோர் பெருந்தொகையாகத் தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். இரத்தம் தேவை என்னும் செய்தி பரவிய சில மணி நேரத்தினுள் மக்கள் இரத்த வங்கியை நோக்கித் திரண்டு வரிசையில் நின்றனர். கொடுத்தவர் இன்ன இனத்தவர், பெற்றவர் இன்ன மதத்தவர் என்பதை இரத்தப் பை அறியாது. இந்நாட்டில் இரத்தம் விற்கப்படுவதில்லை. தொண்டர்களாக முன்வருவோரே அதனை அளிக்கின்றனர். விழிக்கொடைச் சங்கத்தை 1961 ஆம் ஆண்டு வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய நாள்தொட்டு, இறந்தபின் கண்ணைத் தருவதாக எழுதிக் கொடுத்தோரும் இலட்சக்கணக்கினர். அரசு கட்டிடத்தையும் கருவியையும் சம்பளத்தையும் தருகின்றது. உயிரோட்டத்தை மக்களே தருகின்றனர்.

இவ்வாறு கூறுவதால் அங்கு உழைப்போரின் பங்கினைக் குறைத்தல் கருத்தன்று. ஒரு காலையில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பார்க்கும் மருத்துவருக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடங்களே எஞ்சுகின்றன. இரவு முழுவதும் ஒரு விடுதியை ஓரிரு தாதியர் காக்கின்றனர். 2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று வந்தபோது, அங்கொடைத் தொற்றுநோய் வைத்தியசாலையில் முதல் நோயாளியை ஏற்றுக் காத்தவர்களும் இவ்வலையின் ஊழியரே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் அந்நியச் செலாவணியின்றி மருந்துகள் அருகின. சில இடங்களிற் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. வெளியே வாங்கும்படி துண்டெழுதிக் கொடுக்க நேர்ந்தபோது, அத் துண்டை நீட்டிய கைகளும் கூசியே நீட்டின. அதன்பின் மருத்துவர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். மருந்தின் பொதுப்பெயரை முன்வைத்து, நாட்டுக்கு இன்றியமையாத மருந்துகளை அரசே மலிவாக வாங்க வேண்டும் என 1970 களிலே வழிவகுத்த பேராசிரியர் சேனக பிபிலேயின் பெயர் அந்நாள்களில் மீண்டும் நினைக்கப்பட்டதில் வியப்பில்லை.

எனினும் மருந்துத் தட்டுப்பாட்டினும் ஆழமானதொரு கேடு மெல்ல நிகழ்ந்து வருகின்றது. படுக்கையில் வைத்துச் சிகிச்சை பெறுவோருள் மிகப் பெரும்பாலானோர் இன்றும் அரச வைத்தியசாலைகளையே நாடுகின்றனர். வெளிநோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தனியாரிடம் செல்கின்றனர். காலையிலே அரச விடுதியில் இருக்கும் அதே நிபுணரை மாலையிலே பணம் செலுத்தி 'சனல்' பண்ணுவது நகரத்து நடுத்தர வகுப்பாரின் வழக்கமாயிற்று. அவர்களைக் குறை கூறுதற்கில்லை. நோயும் அவசரமும் எவரையும் அவ்வாறு செய்விக்கும். ஆனால் வாங்கிலிருந்து எழுந்து செல்பவர் தம் இடத்தை மட்டும் காலி செய்வதில்லை. தம் குரலையும் உடன் கொண்டு செல்கின்றார். கடிதம் எழுதத் தெரிந்தவர், அதிகாரியின் அறையைத் தட்டத் தெரிந்தவர், பத்திரிகையாளரை அறிந்தவர் வரிசையில் நின்ற காலத்தில், மின்விசிறி பழுதாயின் ஒரு கிழமையிற் சீராயிற்று. அவர் சென்றபின் வரிசையில் எஞ்சியவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துபவர். எல்லோரும் பயன்படுத்தும்வரைதான் ஒன்று பொதுச் சொத்து. வறியவர் மட்டும் பயன்படுத்தத் தொடங்கும் நாளில் அது தருமமாகிவிடும். தருமம் பெறுவோரிடம் எவரும் 'பொறுங்க' என்று கூறலாம்.

பல்கலைக்கழக மாணவர் இதனைத் தமக்குப் புறம்பானதெனக் கொள்ளவியலாது. 1945 ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டிற் கல்விக்கும் கட்டணமில்லை. விரிவுரை மண்டபத்தின் வாங்கும் வைத்தியசாலையின் வாங்கும் ஒரே திறைசேரியாற் செய்யப்பட்டவை. ஒரே முதியவளின் சீனியிலும் பருப்பிலும் இருந்து வந்தவை. பட்டம் பெறுவோர் எவரும் இலவசமாகக் கற்றவரல்லர். பிறர் பணத்திற் கற்றவர். மருத்துவ மாணவரோ பிறர் பணத்திலும் பிறர் உடலிலும் கற்றவர். இக் கடனை அடைக்கும் வழி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாகலாம். பொறியியலாளர் ஒருவர் வரிசையைக் குறைக்கும் வழியை அமைக்கலாம். மொழி கற்றவர் விடுதியின் அறிவித்தற் பலகையில் உள்ள பிழைத் தமிழைத் திருத்தி, நோய் கேட்கும் வினாக்களை நல்ல தமிழில் எழுதிக் கொடுக்கலாம். சட்டம் கற்றவர் வரிசையில் நிற்பவரின் குரலாகலாம். எதுவும் இயலாதவர், கடன் உண்டு என்பதையேனும் மறவாதிருக்கலாம்.

பிற்பகல் ஒரு மணியளவில் முதியவள் மாத்திரைப் பொதிகளுடன் வெளியே வருகின்றாள். பத்து மணிக்கு உண்ண வேண்டிய பணிஸை இரத்தம் எடுத்தபின்னும் அவள் முழுவதும் உண்ணவில்லை. பாதியை அருகில் அமர்ந்திருந்த சிறுவனொருவனுக்குக் கொடுத்துவிட்டாள். பொறளைச் சந்தியில் வெயில் சுடுகின்றது. பேருந்துக்காக நிற்கையில் கொப்பியை விரித்து, எழுத்தறியாதவளாதலால் அருகில் நின்ற மாணவியிடம் நீட்டி, "அடுத்த முறை எப்ப மகள்?" என்று கேட்கின்றாள். மாணவி திகதியைப் படித்துக் கூறுகின்றாள். முதியவள் அதனை இருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, கொப்பியை மீண்டும் பொலித்தீன் உறையினுள்ளே கவனமாக வைக்கின்றாள். அத் திகதியில், பொழுது புலருமுன், அவள் வருவாள்.